எல்லா வகைத் தோலுக்கும்

கிரீம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர், எண்ணெய், இரண்டும் பிரிந்து போகாமல் பிடித்துவைக்கக் கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான். மூன்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆறும்வரை கை எடுக்காமல் கலக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் திரிந்துவிடும். வாசனை, நிறம், பளபளப்பான டப்பா எல்லாம் விற்பதற்காகச் சேர்ப்பது. நாங்கள் கடைசியாகச் செய்தது அப்படி எதுவும் சேர்க்காத வெறும் கிரீம். பூசினால் தோல் காயாமல் இருக்கும். அதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் அதற்குக் கிடையாது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றீர்கள். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் கதை கட்டுகிறவள் இல்லை. பத்தொன்பது வருடமாகப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் என் பிழைப்பு. நீங்கள் மேசைமேல் கை வைத்ததுமே கவனித்துவிட்டேன், விரல் முட்டியெல்லாம் வெடித்திருக்கிறது. இங்கே கை கழுவ வைத்திருக்கும் சோப்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு எண்ணெய்த் தோல். அவர் கை பட்ட இடமெல்லாம் தாள் கண்ணாடியாகிவிட்டது. பழக்கதோஷம், தப்பாக நினைக்காதீர்கள்.

எங்கள் கம்பெனி சின்னது. கீழே செருப்புக் கடை, மேலே இரண்டு மாடி நாங்கள். முதல் மாடியில் கலக்குவதும் டப்பாவில் அடைப்பதும். இரண்டாம் மாடியில் முதலாளியம்மாவின் அறை, கெமிஸ்ட்டின் அறை, கடைசியில் என் அறை. சோதனை அறை என்று கதவில் எழுதியிருக்கும். இரண்டு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல். டப்பாவுக்கு மூடி போடுகிறவளாகச் சேர்ந்தேன். படிப்படியாக அந்த அறைக்கு வந்தேன். யாருடைய சிபாரிசிலும் வரவில்லை.

என் வேலை இதுதான். ஒரு கிரீம் தயாரானதும், அதை விதவிதமான தோல் உள்ளவர்களுக்குப் பூசிப் பார்ப்பது. வறண்ட தோல், எண்ணெய்த் தோல், இரண்டும் கலந்த தோல், எதையும் தாங்காத தோல் என்று நான்கு வகை. வகைக்கு ஆறு பேர், ஆளுக்குப் பதினான்கு நாள். முகத்தில் ஒரு கன்னத்தில் கிரீம், மறு கன்னத்தில் ஒன்றும் இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை வருவார்கள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பேன், நிறம் மாறும் தாளை ஒட்டி எடுப்பேன், எழுதுவேன். தாங்காத தோலுக்கு அறையில் ஒரு செல்லப் பெயர் உண்டு. கோபக்காரத் தோல் என்போம். தொட்டதற்கெல்லாம் சிவந்துகொள்ளும். என் தோலும் அந்த ஜாதிதான். சோப்பை மாற்றினால் போதும், கழுத்தெல்லாம் தடித்துவிடும்.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம். அதற்கு இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறோம். ஒன்று 'ஒத்துக்கொண்டது'. இன்னொன்று 'ஒத்துக்கொள்ளவில்லை'. இரண்டில் ஒன்றுதான் விழும். பரவாயில்லை, ஓரளவு, பார்க்கலாம் என்றெல்லாம் எழுத இடம் கிடையாது. எனக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும். மனிதர்கள் ஒன்று சொல்வார்கள், மனசில் வேறு வைத்திருப்பார்கள். தோல் அப்படி இல்லை. அதற்கு ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான்.

இந்த வெறும் கிரீமுக்கு லேபிளில் 'எல்லா வகைத் தோலுக்கும் ஏற்றது' என்று போட வேண்டும் என்பது திட்டம். பதினெட்டுப் பேர் முடிந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற அம்மா, இரண்டு பள்ளிக்கூட டீச்சர்கள், யார் யாரோ. ஒருவர் விடாமல் எல்லாருக்கும் ஒத்துக்கொண்டது. கோபக்காரத் தோலிலும் ஐந்து பேர் முடிந்தார்கள். ஆறாவதாக ஒரு புத்தகக் கடைப் பெண் வந்துகொண்டிருந்தாள். நான்காம் நாள் அவள் கணவருக்கு மாற்றலாகி, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

முதலாளியம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது ஆள் கிடைக்காவிட்டால் 'பெரும்பாலான தோலுக்கு ஏற்றது' என்று போட்டுவிடலாம், யார் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லா என்பது ஒரு வார்த்தை, பெரும்பாலான என்பது வேறு வார்த்தை. ஒரு ஆள் குறைந்ததற்காக ஒரு நல்ல கிரீமின் பெயரைக் கெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்களே சேர்ந்துகொண்டிருக்கலாமே என்று சற்றுமுன் கேட்டீர்கள். சேரலாம்தான், தோல் பொருத்தமானதுதான். ஆனால் சோதிக்கிறவர் சோதனையில் சேரக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறுகிறவள் இல்லை.

உறவுக்காரர்கள் சேரலாமா என்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

என் தங்கைக்கு வீட்டில் பட்டு என்று பெயர். கையில் வாங்கிய அன்றைக்கே அம்மா வைத்தது. தொட்டுப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அப்பா அவள் பிறந்த வருடமே போய்விட்டார், அம்மா அவளுடைய ஒன்பதாம் வயதில். அதற்குப் பிறகு நான்தான் எல்லாம். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். இந்தப் பிள்ளையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவளை நான் அடித்ததே கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடம் பிடித்தால் "தோலை உரிச்சிடுவேன்" என்பேன். எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். அவள் உடனே கையை நீட்டி, "உரி பாக்கலாம்" என்பாள். அத்தோடு என் கோபம் போய்விடும்.

வளர்ந்து பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்தாள். வருகிறவர்களின் பெயரை எழுதி, உட்காரவைத்து, பயப்படாதீங்க என்று சொல்லும் வேலை. வாய் ஓயாது. சாயங்காலம் வந்து அன்றைக்கு யார் யார் நாற்காலியைக் கண்டு ஓடினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். நான் சிரித்ததெல்லாம் அவளால்தான்.

அந்தப் புத்தகக் கடைப் பெண் காணாமல் போன அதே வாரம் பட்டுவுக்குக் கடிதம் வந்தது. வேறு ஊரில், பத்து மணி நேரப் பயண தூரத்தில், பெரிய பல் ஆஸ்பத்திரி. முன்மேசைக்கே தலைமைப் பொறுப்பு, தங்க இடமும் அவர்களே தருகிறார்கள், ஐந்து வாரத்தில் சேர வேண்டும். அவள் எழுதிப் போட்டிருந்ததே எனக்குத் தெரியாது. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல விஷயம்தானே, போயிட்டு வா என்றேன். கட்டிக்கொண்டாள். மறுநாளே சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கூடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதும் வரும்போதும் அதில் காலை இடித்துக்கொள்வேன்.

வீடு எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன், மறைக்கவில்லை. கழுவிக் கவிழ்க்கிற இரண்டு தட்டில் ஒன்று மேல் அடுக்குக்குப் போய்விடும். சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். பயமாக இருந்தது. ஆனால் அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு ஆறாவது ஆள் தேவைப்பட்டது.

பட்டுவின் தோலில் ஒரே ஒரு குறை, அதில் குறையே இல்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்பில் முகம் கழுவினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்ட தோல் எந்தக் கட்டத்திலும் வராது. ஆகவே அதைக் கோபக்காரத் தோலாக மாற்ற வேண்டியிருந்தது. முகம் கழுவும் சோப்புத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குக் கம்பெனியிலிருந்து நான்தான் கொண்டுவருவேன், அழுத்தினால் வருகிற பாட்டிலில். அவளுக்கென்று வைத்திருந்த பாட்டிலில் கம்பெனித் தொட்டிகளைக் கழுவ வைத்திருக்கும் சோடாத் தூளைக் கொஞ்சம் கரைத்தேன். கால் ஸ்பூனில் ஆரம்பித்து அரை ஸ்பூனுக்குப் போனேன். அளவைப் படிவத்திலும் எழுதினேன். தயாரிப்பு முறை என்று ஒரு வரி இருக்கும், அதில். நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பத்து நாளில் வேலை செய்தது. கன்னம் இழுத்துப் பிடித்தது, சிவந்தது, மூக்கோரம் செதில் செதிலாக வந்தது. பட்டு கண்ணாடி முன்னால் நின்று, "அக்கா, எனக்கு என்னமோ ஒத்துக்கல" என்றாள். ஊர் மாறப்போகிற கவலையாக இருக்கும் என்றேன். எங்க புது கிரீம் இருக்கு, பதினாலு நாள் பூசிப் பாக்கறியா, படிவத்துலயும் சேத்துக்கறேன் என்றேன். கையெழுத்து வாங்க வேண்டும் அல்லவா, தாளை நீட்டினேன். 'முழு மனதுடன் ஒத்துக்கொள்கிறேன்' என்று மேலே அச்சடித்திருக்கும். அவள் நாள் முழுக்க அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிறவள். வாசிக்காமலே போட்டுவிட்டு, "ஆக, நான் இப்போ கோபக்காரியாயிட்டேன்" என்று சிரித்தாள்.

அன்றோடு சோடாவை நிறுத்திவிட்டேன். கிரீமைப் பூசினோம். ஒரு கன்னம்தான் பூச வேண்டும் என்றதற்கு, மறு கன்னம் என்ன பாவம் பண்ணிச்சு என்று கேட்டாள். பத்து நாளில் தோல் அடங்கியது, பதினான்காம் நாள் ஒரு கன்னம் பழைய பட்டு. கிரீம் அவ்வளவு நல்ல கிரீம். ஸ்டாம்ப் வைத்து, ஆறு பேர் கணக்கையும் முடித்து, கெமிஸ்ட்டிடம் கொடுத்தேன். லேபிளில் 'எல்லா' என்றே அச்சாயிற்று. கம்பெனியில் கைதட்டினார்கள்.

அதோடு முடிந்ததே, பிறகு ஏன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். வேலை தெரிந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒருமுறை ஒத்துக்கொண்டது தற்செயலாக இருக்கலாம். திரும்பவும் வந்தால்தான் அது உண்மை. மற்றவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது, பட்டு வீட்டிலேயே இருந்தாள். இன்னும் பதினொரு நாள் இருந்தாள். பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கியிருந்தாள். நான் பாட்டிலில் மறுபடி சோடாவைக் கரைத்தேன். யாரும் கேட்கவில்லைதான். கேட்டால்தான் செய்வேன் என்று இருக்கிறவள் நான் இல்லை.

இரண்டாம் சுற்றில் தோல் முன்னைவிடச் சீக்கிரம் கோபித்துக்கொண்டது. கன்னத்திலும் தாடையிலும் பாளம் பாளமாக வெடித்தது. பட்டு அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஒரு மாதம் அவகாசம் கேட்டாள். முன்மேசையில் உட்காரும் முகம், இந்தக் கோலத்தில் போய் நிற்க முடியாது என்று அவளாகவே சொன்னாள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களும் சரி என்றார்கள். அந்த மாதம் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அவள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கதவைத் திறந்தால் விளக்கு எரியும். அவள் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிரீம் பூசுவேன், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் தாடையிலிருந்து உரிந்த தோலை விரலில் எடுத்துக் காட்டி, "சின்ன வயசுல சொல்லுவியே, இப்போ தானாவே உரியுது பாரு" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

அந்த நாட்களில் அவள் கொஞ்சம் பேச்சைக் குறைத்திருந்தாள் என்பது இப்போது நினைவு வருகிறது. அப்போது அதை நான் படிவத்தில் எழுதவில்லை, பேச்சுக்குக் கட்டம் இல்லை.

இரண்டாம் சுற்றும் நன்றாகவே முடிந்தது. தோல் ஆறியது. ஸ்டாம்ப் வைத்தேன். பட்டு போகும் தேதியை எழுதிக் காலண்டரில் வட்டம் போட்டாள். பிறகு மூன்றாம் சுற்று. இதில் நான் ஒரு மாற்றம் செய்தேன், இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது. முன்னிரண்டு சுற்றிலும் சோடாவை நிறுத்திவிட்டுத்தான் கிரீமைப் பூசினேன். அது கிரீமுக்குச் சுலபமான பரீட்சை. இந்த முறை சோடாவை நிறுத்தாமல் பூசினேன். கிரீம் எதுவரை தாங்கும் என்று தெரிய வேண்டாமா. அளவும் ஒரு ஸ்பூனாயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. வெறும் கிரீமில் கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் மருந்து கிடையாது. கோபக்காரத் தோலுக்கு அந்த மருந்தும் ஆகாது என்பதால் விட்டுவிடுவோம். கடைக்குப் போவதை ஒரு வேளைக்கு ஒன்று என்று குட்டி உறையில் அடைத்து மூடிவிடுவார்கள். சோதனைக்கு வருவது டப்பாவில். திறந்ததிலிருந்து ஏழு நாள்தான் கணக்கு, எட்டாம் நாள் குப்பையில் போட வேண்டும். எங்கள் அறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதுதான். இரண்டாம் சுற்றுக்கு முன்பு தந்ததில் மிச்சம் இருந்தது, மூன்றாம் சுற்றுக்குக் கம்பெனி டப்பா தராது, அவர்களைப் பொறுத்தவரை சோதனை எப்போதோ முடிந்துவிட்டது. ஒன்றிரண்டு கேட்டு வாங்கியிருக்கலாம். எதற்கு என்று கேட்பார்கள். இருந்த டப்பாவையே வைத்துக்கொண்டேன், குளியலறை அலமாரியில், அந்த ஈரத்தில். இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. காயாத துணியின் வாடை லேசாக அடித்தது. அதையும் எழுதினேன். வாசனை, லேசாக.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டுவுக்குக் குளிர் அடித்தது. முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. சனிக்கிழமை காலையில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், நானே. வெடித்த தோல் வழியாகக் கிருமி உள்ளே போய் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் வார்டு டாக்டர். சின்ன வயசுக்காரர், தூங்கி இரண்டு நாள் ஆனவர் மாதிரி இருந்தார், வறண்ட தோல். முகத்தில் என்ன பூசினீர்கள் என்று கேட்டார். கிரீம், வெறும் கிரீம், ஒன்றும் சேர்க்காதது என்றேன். அது உண்மைதான். எதில் கழுவினாள் என்று அவர் கேட்கவில்லை.

அந்த கிரீமைக் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். ரத்தத்தில் இருக்கும் கிருமி எது என்று தெரிய மூன்று நாளாவது ஆகும், அதுவரை பொதுவான மருந்துதான் கொடுக்க முடியும், கிரீமைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எந்த வகைக் கிருமி என்று இன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும், அதற்கென்று உள்ள மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டுக்குப் போனேன். அலமாரியைத் திறந்தேன். டப்பாவைக் கையில் எடுத்தேன். மூடியின் உள்பக்கம் ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கம்பெனிக்குப் போய், அன்று காலையில் கலக்கிய கிரீமைப் புது டப்பா ஒன்றில் அடைத்து எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுதுகிறார்.

பழைய டப்பாவைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். கிரீமில் கிருமி என்று எழுதியிருப்பார்கள். இருபத்திரண்டு நாள் என்பதை யார் கேட்கப் போகிறார்கள். பத்தொன்பது வருடத்தில் எங்கள் அறையிலிருந்து போன ஒரே அப்பழுக்கில்லாத கிரீம் அது. புது டப்பாவில் அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, இருந்தால்தானே. கிருமி வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று பொதுவான மருந்தையே தொடர்ந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் பட்டுவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. கட்டு போட்ட முகத்தில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. கிட்டே வா என்பதுபோல விரலை அசைத்தாள். குனிந்தேன்.

"பாட்டில் அடியில வெள்ளையா தங்கியிருந்துச்சுக்கா. நான் பாத்தேன்."

எப்ப பாத்த என்று கேட்டேன்.

"ரெண்டாவது தடவையே."

அப்புறம் ஏன் அதுலயே கழுவின என்றேன். அவள் உதடு காய்ந்திருந்தது, பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன்.

"நீயே நிறுத்திடுவேன்னு நெனச்சேன்."

அந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்தாளே, அதே மாதிரி. பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் பிடிப்பதுபோல.

"நான் போகலக்கா. ஊருக்குப் போகல. இங்கயே இருக்கேன். இனிமே போட வேண்டாம், என்ன?"

சரி கண்ணு, போட மாட்டேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அதற்குப் பிறகு நான் எதுவும் போடவில்லை. சாயங்காலம் டாக்டர் சுற்றிப் பார்க்க வந்தார். என் பக்கத்தில்தான் நின்றார், கை நீட்டினால் தொட்டிருக்கலாம். அன்று அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது, அதுதான் காரணம். போகவில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்த துணியை எல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கிவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் இறந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். மூன்றாம் சுற்றுப் படிவம் பாக்கி இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஸ்டாம்ப் வைத்து, மூன்று சுற்றையும் ஒன்றாகத் தைத்து, கெமிஸ்ட்டின் மேசையில் வைத்தேன். அவர் தலையில் ஒரு முடி கிடையாது, கம்பெனியில் எல்லாரும் மொட்டை என்பார்கள், நான் மட்டும் சார் என்பேன். வேலை தெரிந்தவர். மத்தியானம் என் அறைக்கு வந்தார். தாளில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த சோடா எதுக்கும்மா?"

விளக்கினேன். உங்களிடம் சொன்னது போலவே, முதலிலிருந்து. அவர் எதிர் நாற்காலியில், சோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்துவிட்டார். நான் முடித்ததும் எழுந்து வாஷ்பேசினில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவ்வளவு கழுவினால் தோல் வறண்டுவிடும் சார் என்றேன். அவர் வெளியே போய்த்தான் உங்களுக்கு போன் செய்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது, முதல் படிவத்தில் நான் எழுதியிருந்த சோடாவை அவர் வாசித்திருக்கவே இல்லை. ஸ்டாம்பை மட்டும் பார்த்திருக்கிறார். யாரும் வாசிப்பதில்லை என்று முதலாளியம்மா சொன்னது சரிதான்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். பொறுமையாகக் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. சோடா கலந்தது நான். கெட்டுப்போன டப்பா என்று தெரிந்தே பூசியது நான். டாக்டரிடம் டப்பாவை மாற்றிக் கொடுத்தது நான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று தெரிந்தே சொல்லாமல் இருந்தது நான். எதையும் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் வாசித்துவிட்டுத்தான் போடுவேன்.

ஒரு இடம் மட்டும் தவறு. கடைசி வரியில் 'தங்கையின் விருப்பத்துக்கு மாறாக' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறாள், படிவம் உங்களிடமே இருக்கிறது. தெரிந்த பிறகும் அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவினாள். போகவில்லை என்று தன் வாயாலேயே சொன்னாள். அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள், அவள் ஒத்துக்கொண்டாள்.